'லாசூட்' கிதாரும் நம்ம பர்ஸும்

பிள்ளைக்கு செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கிதார் தேடும் பெற்றோர்களே, 'லாசூட் கிதார்' என்று யாராவது சொன்னால் பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க.

கதை இதுதான்: எழுபதுகளில் ஜப்பான்காரன் அமெரிக்க கிதாரை அச்சு அசலாக நகல் எடுத்தான், அமெரிக்கக் கம்பெனி மிரண்டுபோய் கோர்ட்டுக்குப் போனது, அந்த கிதார்தான் இது! கேட்க நல்லாத்தான் இருக்கு. விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

நடந்தது என்ன? 1977ல் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், எல்ஜர் என்ற கம்பெனி மீது வழக்குப் போட்டது. ஐபனேஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்றது எல்ஜர். சண்டை ஒலியைப் பற்றி அல்ல. ட்யூனிங் கீ இருக்கும் தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றி. அதையும் வழக்குக்கு முன்பே ஐபனேஸ் மாற்ற ஆரம்பித்திருந்தது. 1978ல் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். தீர்ப்பே வரவில்லை.

ஆக, வழக்கில் மாட்டியது ஒரே ஒரு பிராண்ட். ஆனால் இந்த முத்திரையை கிரேக்கோ, டோகாய் என்று எல்லாவற்றுக்கும் குத்துகிறார்கள். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரைப் பார்த்துச் செய்த நகலுக்கும்கூட! அந்த வழக்கில் ஃபெண்டருக்கு என்ன வேலை?

ஜப்பான் கிதார் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அருமையானவை உண்டு. ஆனால் ஒட்டுப்பலகையில் உடல் செய்து, கழுத்தை போல்ட் போட்டு முடுக்கியவையும் நிறைய. அசல் லெஸ் பாலில் கழுத்து ஒட்டப்பட்டிருக்கும். இந்த வித்தியாசத்தை முத்திரை சொல்லாது. 'விண்டேஜ்' என்பதும் அப்படித்தான். அது வயசைத்தான் சொல்லும், தரத்தை இல்லை. மட்டமான சாமான் அந்தக் காலத்திலும் செய்தார்கள்.

விற்கிறவர் எல்லாரும் வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்றில்லை. அவருக்கும் யாரோ சொன்ன கதைதான். ஆனால் அந்தக் கதைக்குக் காசு கொடுப்பது நாம்.

அதனால் என் கட்சி இது: விலை பேசும் முன் கிதாரைப் பாருங்க. கழுத்து நேரா இருக்கா? ஃப்ரெட் தேய்ஞ்சிருக்கா? ட்ரஸ் ராட் திரும்புதா? ஆம்ப்ளிஃபயரில் போட்டால் எல்லா பிக்கப்பும் பேசுதா? குமிழைத் திருகினால் கரகரங்குதா? ஃப்ரெட் மாற்றணும்னா அதுக்குத் தனியா அழணும். அந்தச் செலவை விலையில் கழிச்சுக் கேளுங்க. விவரம் தெரிந்த, வாசிக்கிற ஒருத்தரைக் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

அப்புறமும் 'லாசூட்' என்றால், "யார் யார் மேல் போட்ட கேஸ் சார்?" என்று மரியாதையாகக் கேளுங்க. பதில் வரலைன்னா விலை இறங்கும் :-)

வாத்தியத்துக்குப் பணம் கொடுங்க. கதையை நானே இலவசமா சொல்லிட்டேன்.