மண் சுவரைப் புகழ்கிறவர்களுக்கு

கட்டிடக்கலைக் கல்லூரிகளில் 'நிலைத்தன்மை' பாடமாகிவிட்டது. பசுமைக் கட்டிடம், கரிம உமிழ்வு, மரபுக் கட்டுமானம். மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். பிள்ளைகள் மண் சுவரைத் தொட்டுப் பார்க்கின்றன, திண்ணையை அளக்கின்றன, முற்றத்தை வரைகின்றன. வரைபடத்தின் மூலையில் வடக்கு எது என்று அம்புக்குறி போட மறப்பதில்லை. ஆனால் படம் ஊரோடு நின்றுவிடுகிறது. சேரி எந்தத் திசையில் இருக்கிறது, காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது, ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அம்புக்குறி கிடையாது. இந்த நாட்டின் ஆகப் பழைய நகரமைப்புத் திட்டம் ஊர்-சேரிப் பிரிவினைதான். அது பாடத்தில் இல்லாமல் என்ன மரபுக் கட்டிடக்கலை?

1972-இல் கட்டிடக் கலைஞர்கள் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த கவுன்சில், கல்விக்கான குறைந்தபட்சத் தரவிதிகளை 1983-இல் போட்டது, 2020-இல் மாற்றிப் போட்டது. ஐந்து வருடப் படிப்பு. ஐந்து வருடத்தில் ஒரு வாரமாவது 'சாதியும் இடமும்' என்று உட்கார்ந்து பேச முடியாதா? சூரியன் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு இது மட்டும் கஷ்டமான கணக்கா?

லாரி பேக்கரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கை மிச்சம் பண்ணிக் காட்டினார். கான்கிரீட் தளத்துக்குள் பழைய ஓட்டை வைத்து சிமெண்டைக் குறைத்தார். முக்கியமான விஷயம், இந்தச் சிக்கனத்தை ஏழை வீட்டோடு அவர் நிறுத்தவில்லை. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தையே அப்படித்தான் கட்டினார். சீடர்களுக்குத்தான் அது மறந்துபோச்சு. அவர்களுக்கு மண் என்றால் காலனி, கிரானைட் என்றால் கலெக்டர் ஆபீஸ். முதலில் கலெக்டர் ஆபீசை மண்ணில் கட்டுங்கள் அய்யா, பிறகு எங்களுக்கு வகுப்பெடுக்க வாருங்கள்.

எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்கிற மேதை 1940களில் லக்சருக்குப் பக்கத்தில் புது குர்னா என்று ஒரு மண் கிராமம் கட்டினார். உலகக் கட்டிடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கிற கிராமம். யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் குடிபோக மறுத்துவிட்டார்கள். பழைய இடத்தில் அவர்கள் பிழைப்பு இருந்தது. குவிமாடம் வைத்த கூரை சமாதியை நினைவூட்டியது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அழகு யாருடைய அழகு என்று அந்த மக்கள் கேட்ட கேள்வி நம்முடையதும்தான்.

கிராமம் அழகு என்று அரசியல் நிர்ணய சபையில் பலர் உருகியபோது, 1948 நவம்பர் 4-இல் அண்ணல் அம்பேத்கர் அந்தக் கிராமப் பக்தியைப் போட்டு உடைத்தார். அதைத்தான் இப்போது 'சூழலியல்' என்று புதுச்சாயம் பூசி ஒட்டவைக்கிறார்கள்.

எங்க ஆயா வருஷா வருஷம் மண்ணு மிதிச்சி சுவரு வச்சா, சாணி போட்டு மெழுகினா. மஞ்சம்புல்லு கூரையை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஐப்பசி மழைக்கு சுவரு ஊறி விழும். இதுக்குப் பேரு நிலைத்தன்மையாம். நிலைத்தது அவளோட இடுப்பு வலிதான்.

இன்னொன்றும் இருக்கிறது, நெருப்பு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது ஒரு குடிசைக்குள் வைத்துத்தான். கூரை என்பது எங்களுக்கு 'இயற்கைப் பொருள்' இல்லை, தீக்குச்சி கைக்கெட்டும் பொருள். அதனால்தான் கூலியைச் சேர்த்துத் தளம் போட்டோம். மொரப்பூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள், கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு சனம் பெங்களூருக்குப் போகிறது. பிளாட்டினம் சான்றிதழ் மாட்டிய கண்ணாடிக் கட்டிடங்களுக்கு சென்ட்ரிங் அடித்த கை இந்தக் கை. அந்தக் கூலியில் ஊரில் வீடு கட்டினால் என்ன ஆகும்? 2012 நவம்பர் 7, இதே தருமபுரி மாவட்டம், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 250-க்கு மேல் வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. சாதி மறுப்புக் கல்யாணம் ஒரு சாக்கு. கண்ணை உறுத்தியது தளம் போட்ட வீடும் வாசலில் நின்ற பைக்கும். 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் போலீசே புகுந்து நொறுக்கியதும் அயல்நாட்டுச் சம்பளத்தில் வாங்கிய சாமான்களைத்தான். சிமெண்டின் கரிமக் கணக்கை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எழுதட்டும்.

அதற்காக சிமெண்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உலகக் கரிம உமிழ்வில் ஏறக்குறைய 8 சதம் சிமெண்டினால்தான். சித்திரை மாசம் எங்கள் பக்கத்துத் தளவீட்டுக்குள் மத்தியானம் படுக்க முடியாது. வெப்பம் கூடினால் முதலில் சாகிறவன் கூலிக்காரன், ஆற்று மணலை அள்ளினால் முதலில் வற்றுவது காலனி போர். ஆகவே பசுமை எங்கள் பிரச்சினை, உங்களைவிட அதிகமாக. 'குடிசையில்லாத் தமிழ்நாடு' என்று சொல்லி 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள். ஒரு வீடு 360 சதுர அடி, அரசு தருவது மூன்றரை லட்சம். இந்த 360 அடியைத் தீப்பிடிக்காமலும் கொதிக்காமலும், இந்தப் பணத்துக்குள், ஆயா கௌரவமாகக் கால் நீட்டிப் படுக்கிற மாதிரி எப்படிக் கட்டுவது? இறுதியாண்டு மாணவனுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இருக்கிறதா? கடற்கரை ரிசார்ட்டையும் மூங்கில் யோகா மண்டபத்தையும் அப்புறம் வரையலாம்.

நான் வங்கியில் குமாஸ்தா. வீட்டுக்கடன் மேஜை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளர் மதிப்பீடு. மண் வீட்டுக்கு அந்த மேஜையில் மதிப்பு எழுத மாட்டார்கள். பசுமை பேசும் பேராசிரியர்கள் இந்த மேஜையோடு சண்டை போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசியாகக் கக்கூஸ். செப்டிக் டேங்கின் நீள அகலம் சொல்ல இந்தியத் தரக் குறியீடு 2470 இருக்கிறது. கழிவுநீர் மறுசுழற்சி பசுமைப் பாடத்தில் செல்லப்பிள்ளை. அடுக்குமாடியின் அடியில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டு ஆர்கிடெக்ட் போய்விடுகிறார். அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்குகிறவன் எந்தச் சாதி? மனிதர்கள் மலம் அள்ளுவதற்குத் தடை 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது உச்சநீதிமன்றம் 2014-இல். 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. மனிதன் இறங்கத் தேவையில்லாத தொட்டியை வரையாத மாணவனுக்குப் பட்டம் கொடுக்காதே என்று ஒரு விதி போட கவுன்சிலுக்கு என்ன தடை? சுவர் இடிந்தால் வரைந்தவனைக் கேட்கிறோம். தொட்டிக்குள் ஆள் செத்தால் வரைந்தவன் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது? மாணவத் தோழர்கள் அடுத்த ஜூரியில் இதை எழுந்து கேட்கவேண்டும்.