மை இருக்கிறது, எழுத்து வரவில்லை!

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. மறுநாள் காலையில் மகன் பள்ளிக்கூடத்தில் "புராஜெக்ட்" கொடுக்க வேண்டும். அப்பா பிரிண்டரின் பித்தானை அமுக்குகிறார். காகிதம் வருகிறது. ஆனால், பாதி எழுத்துகளைக் காணோம்! வரிக்கு வரி வெள்ளைக் கோடு.

மை தீர்ந்துவிட்டதா? இல்லை. தொட்டியில் முக்கால் பங்கு இருக்கிறது.

"மெஷின் போச்சு. புதுசு வாங்க வேண்டியதுதான்" என்கிறார், அப்பா.

"வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலே. அதுக்குள்ளே புதுசா?" என்று கேட்கிறாள், அம்மா.

அம்மா கேட்பதுதான் நியாயம். மெஷின் போகவில்லை. அதற்கு மூக்கு அடைத்திருக்கிறது.

2020ல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் செல்போனில் நடந்தது. அப்போது பல வீடுகளில் பிரிண்டர் வாங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பியதும், பிரிண்டர் அலமாரி மேல் ஏறிவிட்டது. பரீட்சைக்கு ஒரு முறை, ஆதார் நகல் எடுக்க ஒரு முறை என்று மட்டும் இறக்குகிறார்கள். இந்த ஓய்வுதான் வினை.

முடியைவிடச் சிறிய துளை

மை பீய்ச்சும் பிரிண்டரில் "ஹெட்" என்று ஒரு பாகம் உண்டு. அதில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனைவிடச் சிறியது. மையில் பெரும் பங்கு தண்ணீர். தண்ணீர் ஆவியாகப் போய்விட்டால், சாயம் கெட்டிப்பட்டுத் துளையை அடைத்துவிடும். நம் ஊர் சித்திரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

இந்த மெஷின் பிறந்த கதை வேடிக்கையானது. 1977ல் ஜப்பானில், கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று, மை நிரம்பிய ஊசியின் மேல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீய்ச்சி அடித்தது! அந்தச் சூட்டு வித்தையில்தான் இன்றும் பல பிரிண்டர்கள் ஓடுகின்றன. அடைத்துக்கொண்ட ஹெட்டில் மை இல்லாமல் அச்சடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் சூடேற்றி கெட்டுவிடும். வராத எழுத்துக்காகப் பத்துத் தாள் அடித்துப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுவிட்ச் தவறு

சிக்கனமான வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததோ, இல்லையோ, சுவரில் உள்ள சுவிட்சை "டக்"கென்று அணைத்துவிடுவார்கள். பிரிண்டரின் சொந்தப் பித்தானை அமுக்கி நிறுத்தினால், ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால், மூடாத மைக்கூடு மாதிரி திறந்தபடி கிடக்கும்.

கை வைத்தியம்

முதலில் "ஹெட் கிளீனிங்" கொடுக்க வேண்டும். பிறகு சோதனைத் தாள் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கிளீனிங்கும் மையைக் குடிக்கிறது. அந்தக் கழிவு மை, மெஷினுக்குள் ஒரு பஞ்சு மெத்தையில் போய்ச் சேருகிறது. மெத்தை நிறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டினால், பிரிண்டர் வேலை செய்யவே மறுக்கும்! ஆகவே, இரவு முழுவதும் சும்மா விட்டு, காலையில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

அப்படியும் வரவில்லையா? சிறிய மை டப்பா போடும் மெஷின்களில், பெரும்பாலும் டப்பாவின் அடியிலேயே ஹெட் இருக்கும். அதைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த, நூல் பிரியாத துணியில் அடிப்பக்கத்தை இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். பிறகு, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். வண்ண டப்பாவாக இருந்தால், துணியில் மூன்று கோடுகள் தெரியும். ஒரு கோடு வராவிட்டால், அந்த நிறம்தான் அடைத்திருக்கிறது. செப்புத் தகட்டில் ஈரம் படக் கூடாது. குண்டூசி அறவே கூடாது!

கிணற்று நீர், குழாய் நீர் உதவாது. அதில் உள்ள உப்பே துளையை அடைக்கும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரானால், அமிலம் கலக்காததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மைத்தொட்டி வைத்த மெஷினில், ஹெட் பெரும்பாலும் உள்ளே இருக்கும். அங்கேதான் வீட்டுக்காரர் திண்டாடுகிறார். மெக்கானிக்கிடம் போனால், "ஹெட் மாற்றும் செலவுக்குப் புதுசே வாங்கலாம்" என்று சொல்லிவிடுகிறார்.

இது என்ன நியாயம்? ஒரு சொட்டு மை உலர்ந்ததற்கு முழு மெஷினையும் குப்பையில் போடுவதா? கையால் கழற்றிக் கழுவும்படி ஹெட்டை வைக்க முடியாதா? முடியும். சில மெஷின்களில் வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது, கடைக்காரரிடம் மை விலையைக் கேட்கிறோம், "ஹெட் கழற்ற வருமா?" என்று கேட்பதில்லை.

பொருள் சீக்கிரம் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்வது, பிரான்சு நாட்டில் 2015 முதல் குற்றம். நம் மத்திய அரசு, பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. ஹெட் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்ற விவரத்தையும் கம்பெனிகள் அதில் போடவேண்டும். ஹெட் விலை மெஷின் விலையை நெருங்கினால், அதற்குக் காரணமும் சொல்லவேண்டும்.

அந்தப் பையனின் புராஜெக்ட் என்ன ஆயிற்று? காலையில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டு பிரிண்டர் புதன்கிழமை எழுதத் தொடங்கியது. மஞ்சள் மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கல். இப்போது வாரம் ஒரு வண்ணத் தாள் அடிக்கிறார்கள். அது, அம்மாவின் மளிகைப் பட்டியல்.