ஸ்ட்ராபெர்ரி ஊரும் தாத்தா வீட்டுக் குழாயும்

கேம்ப்பில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் டூர் புரோகிராம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். முதல் நாள் ஷனிவார்வாடா. இரண்டாம் நாள் எம்.ஜி. ரோடு ஷாப்பிங், கயானி பேக்கரி பிஸ்கட். மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு 120 கிலோமீட்டர் தள்ளி மகாபலேஷ்வர். ஸ்ட்ராபெர்ரி க்ரீம், நாலு 'பாயிண்ட்', நூறு போட்டோ. சுபம் :-)

போன ஜனவரியில் அப்பா, அம்மா வில்லிவாக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எப்போதும் போகும் பாயிண்ட்களை விட்டுவிட்டு, தங்கமணி சொன்னதால் பழைய மகாபலேஷ்வரில் இருக்கும் பஞ்சகங்கா கோயிலுக்குப் போனோம். கிருஷ்ணா, கொய்னா, வெண்ணா, சாவித்ரி, காயத்ரி என்று ஐந்து ஆறுகள் பிறக்கும் இடம் என்று கும்பிடுகிறார்கள். கல்லில் செதுக்கிய பசுவின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது.

"நம்ம வீட்டுக் குழாயிலயே இதைவிட ஃபோர்ஸா வருமேப்பா" என்றான் பையன்.

அப்பா பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். "டேய், தாத்தா வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணியே இங்கிருந்துதாண்டா கிளம்புது" என்றார்.

தெலுங்கு கங்கைத் திட்டத்தைத்தான் சொன்னார். 1976-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் ஆளுக்கு 5 டிஎம்சி கிருஷ்ணா நீரைச் சென்னைக்குத் தர ஒப்புக்கொண்டன. ஆவியாகிப் போவது போக 12 டிஎம்சி. ஸ்ரீசைலம் அணையிலிருந்து கால்வாயில் கிளம்பி சோமசிலா, கண்டலேறு வழியாகப் பூண்டி ஏரிக்கு வருகிறது. முதல் தண்ணீர் வந்தது 1996-ல். முழு அளவு வருவது அபூர்வம் என்பது வேறு கதை.

பசுவின் வாயில் விழும் அந்தச் சொட்டு மட்டுமே சென்னைக்கு வருகிறது என்று அர்த்தமில்லை. விஷயம் அந்த மலையில் இருக்கிறது. சுமார் 1,370 மீட்டர் உயரம். வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் சுமார் 1,400-தான். மலையின் தலையில் துளைதுளையான செம்புரான்கல், அதற்கடியில் எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. மழைநீரைச் சிவப்புக் கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, இரண்டு கல்லும் சேருகிற இடத்தில் ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மேலே காடு இருந்தால்தான் இது நடக்கும். கான்கிரீட் போட்டால் தண்ணீர் வந்த வேகத்தில் ஓடிவிடும்.

ஆனால் இந்த ஊரின் சரித்திரத்தில் அதை உல்லாச இடமாகப் பார்த்தவர்களே அதிகம். 1824-ல் ஜெனரல் லாட்விக் மேலே ஏறிப் பார்த்தார். 1828-ல் பம்பாய் கவர்னர் ஜான் மால்கம் வந்து உடம்பு தேற நல்ல இடம் என்று முடிவு செய்தார். அடுத்த வருஷமே சதாரா ராஜாவுக்கு வேறொரு கிராமத்தைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டது கம்பெனி. வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். காய்கறித் தோட்டம் போட்டது அவர்கள்தான். இன்றைக்கு லாட்விக்குக்கும் மால்கமுக்கும் ஊரில் பெயர் இருக்கிறது. 

2001-ல் மத்திய அரசு மகாபலேஷ்வர், பஞ்ச்கனி வட்டாரத்தைச் சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவித்தது. கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் லாங் வீக்கெண்டில் வெண்ணா ஏரிக்கரையில் நின்று பாருங்கள். புனே, மும்பை கார் அத்தனையும் அங்கேதான். அதில் என்னுடையதும் ஒன்று.

என் கருத்து இதுதான். மாத்தேரானில் தஸ்தூரி நாகாவிலேயே நம் காரை நிறுத்திவிட வேண்டும். அதற்காக அங்கே கூட்டம் குறையவில்லை. மகாபலேஷ்வரிலும் காரை ஊருக்கு வெளியே நிறுத்தி பஸ்ஸில் கூட்டிப்போகட்டும். புது ஹோட்டல் வேண்டாம் என்றால் ரூம் வாடகை ஏறும்தான். ஏறட்டும், ஒரு தடவை குறைவாகப் போவோம். அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்பீர்கள். ஊற்று வற்றினால் அவர்கள் ஸ்ட்ராபெர்ரித் தோட்டம்தான் முதலில் காயும்.

"மகாராஷ்டிராக்காரன் மலை, நமக்கென்ன" என்று நாம் சொல்ல முடியாது. நம் புனேயின் முளா-முட்டாவும் பீமாவில் சேர்ந்து கடைசியில் அதே கிருஷ்ணாவுக்குத்தான் போகிறது. 2019 கோடையில் அம்மா குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை இங்கிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். குழாய் அங்கே, ஊற்று இங்கே. ஊற்றுப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் நாம்தான்.

அடுத்த தடவை விருந்தாளியோடு போகும்போது பசுவின் வாய்க்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்று, பிள்ளைகளுக்குப் பூண்டி வரைக்கும் வழி சொல்லுங்கள். ஸ்ட்ராபெர்ரி க்ரீம் எங்கேயும் ஓடிவிடாது :-)