இங்கிலீசு துரைமாரின் சொத்தல்ல

'தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலீசு ஏறாது.' கூட்டங்களில் இப்படிச் சொல்கிறார்கள், ஆசிரியர் அறையிலும் சொல்கிறார்கள். நம் லயன்களில் பெற்றோரே சொல்வதையும் கேட்கிறோம். தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவர்களாகவும் சங்க வேலை செய்பவர்களாகவும் நாம் இதை அடியோடு மறுக்கிறோம்.

தோழர்களே, நாம் பிரட்டு என்பது 'பரேட்'. லயன் என்பது 'லைன்'. செக்ரோல், ஸ்டோர், டிஸ்பென்சரி எல்லாம் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் பாட்டிமாரும் அன்றாடம் பேசிய சொற்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஆங்கிலம் நம் வாயில்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு வந்தது கீழ்ப்படிவதற்கான ஆங்கிலம். கேள்வி கேட்பதற்கான ஆங்கிலம் துரை பங்களாவிலேயே நின்றுவிட்டது.

அது தற்செயலல்ல. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பிந்தித் தொடங்க வைத்தவர்கள் இன்று பிள்ளையின் மூளையைக் குறை சொல்கிறார்கள்.

வகுப்பில் என்ன நடக்கிறது? கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும் 'மை மதர்' என்று பத்து வசனம் மனப்பாடம் செய்வதும்தான். அந்தப் பத்து வசனத்துத் தாய் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். நம் பிள்ளையின் தாயோ கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் நிற்கிறாள். தன் தாய் இல்லாத பாடம் பிள்ளைக்கு எப்படி ஏறும்?

மாற்றுவதற்குப் பெரிய செலவு வேண்டாம். வெறும் தேயிலைப் பெட்டி ஒன்று போதும். சில பெட்டிகளில் 'ஹேண்ட் பிக்ட்' என்று அச்சடித்திருப்பார்கள். கையால் பறித்தது. 'ஹூஸ் ஹேண்ட்?' என்று ஆசிரியர் கேட்கட்டும். யாருடைய கை? பெட்டியில் பதில் இல்லை. பிள்ளை ஐந்து வசனம் எழுதட்டும்: அந்தக் கை எத்தனை மணிக்கு மலைக்குப் போகிறது, எத்தனை கிலோ பறிக்கிறது, மழை நாளில் எப்படி விறைக்கிறது. இலக்கணம் தானாக வரும்.

பெரிய வகுப்புக்குச் சம்பளத் துண்டைக் கொடுங்கள். பேரை மறைத்துவிட்டால் போதும். 'டிடக்சன்' என்றால் பிடித்தம். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், தொழில் தருநரிடம் 12 வீதம் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. பிடித்த காசு கட்டப்பட்டதா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதப் பழக்குங்கள். 'பரீட்சை என்னாவது?' என்பார்கள். சாதாரண தரப் பரீட்சையிலும் கடிதம் எழுதத்தானே கேட்கிறார்கள்!

இந்த வழி புதிதல்ல. நம்மவரான சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி, நம் கதையை ஆங்கிலத்திலேயே எழுதி உலகுக்குச் சொன்னார். லயன்களில் ஒலித்த பாட்டுகளையும் தேடித் தொகுத்தார். நம் பிள்ளைகளும் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டு வரட்டும். அதன் பொருளை நாலு ஆங்கில வசனத்தில் வகுப்புக்குச் சொல்லட்டும்.

ஆசிரியர்களாகிய நம்மிடமும் குற்றம் உண்டு. பிழை விட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சிரிப்புக்குப் பயந்த பிள்ளை வாய் திறக்காது. அதை நாம் நிறுத்த வேண்டும்.

பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். அரைநாள் பேர் போகுமென்று நின்றுவிடாதீர்கள். தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் கூட வர வேண்டும். ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு எப்போது ஆள் வரும் என்று திகதியோடு கேட்போம். இருக்கும் ஆங்கில ஆசிரியரை வேறு வகுப்பு பார்க்க அனுப்பாதே என்போம். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் கேட்போம்.

நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார்கள். அன்று தாத்தா கைநாட்டு வைத்தார், இன்று பேரன் கையெழுத்து வைக்கிறான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

'பொறுங்கள், வாசித்துவிட்டு வைக்கிறேன்' என்று நம் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் போராட்டம்.