கோல்டு கார்டு மரியாதை நமக்கு வேண்டாம்

போன வாரம் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் உபதேசம் செய்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் முதன்முதலாக அங்கே வேலைக்குப் போகும் பையனிடம் அவர் சொன்னது: "தம்பி, திருச்சியில மலிவா கிடைக்குதுன்னு கண்ட பிளைட்ல ஏறாதே. மெட்ராஸ் போயி ஏறு. ஒரே ஏர்லைனைப் பிடிச்சுக்க. பாயிண்ட் சேரும், கோல்டு கார்டு வரும். அப்புறம் பாரு, ஏர்போர்ட்ல மரியாதையே வேற." நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிய பையனின் அப்பா பக்தியோடு தலையாட்டினார். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கே திரும்பினாலும் இதே பேச்சு. ஒரே விமான நிறுவனத்துக்கு விசுவாசமாக இருந்தால் அது நம்மைக் கைவிடாதாம். ஜெட் ஏர்வேஸ் பிளாட்டினம் கார்டு வைத்திருந்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் இதை. 1993இல் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் ப்ளூ, சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறியவர்கள் எத்தனை பேர்! 2019 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு, அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம் கிளம்பியது. மறுநாள் காலை பிளாட்டினமும் ஒன்றுதான், ஒன்றுமில்லாதவனும் ஒன்றுதான். பாயிண்ட் திட்டத்தை முன்பே தனிக் கம்பெனியாக்கி, 2014இலேயே அதில் பாதிக்கு மேல் எத்திஹாடுக்கு விற்றிருந்தார்கள். அதனால் அது மட்டும் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்துக்கொண்டது. ஏறி உட்கார விமானம்தான் இல்லை. அங்கே வேலை செய்தவர்கள் சம்பளப் பாக்கிக்காகத் தெருவில் நின்றார்கள். சொந்த ஊழியரையே காப்பாற்றாத விசுவாசம் பயணியைக் காப்பாற்றுமா?

உறவினர் சொன்ன கோல்டு கார்டையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் கோல்டு வேண்டுமானால் 12 மாதத்துக்குள் 50,000 மைல் சேர வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 1,800 மைல். போய்வந்தால் 3,600. முழுக் கணக்கில் மைல் தரும் டிக்கெட்டே எடுத்தாலும் ஒரே வருடத்தில் 14 முறை போய்வர வேண்டும். மிக மலிவான டிக்கெட்டுக்கு அந்த மைலிலும் பாதிதான் தருவார்கள். நம் பையன் பொங்கலுக்கு வருவான், அல்லது தங்கை கல்யாணத்துக்கு வருவான். அதற்கே மேஸ்திரி லீவு தர வேண்டும். அவன் எந்த ஜென்மத்தில் 14 முறை போய்வருவது? கெடு முடிந்ததும் சேர்த்த கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதையும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தப் பாயிண்ட் பழக்கத்தைப் பெரிதாகத் தொடங்கியபோதே, கம்பெனிக் காசில் வாராவாரம் பறப்பவரைத் தன் பக்கம் கட்டிப்போடத்தான் தொடங்கியது. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பது முதலாளி, பாயிண்ட் வாங்குவது ஊழியர். அவருக்கு அது லாபம்தான், மறுக்கவில்லை. சொந்தக் காசில், அதுவும் வட்டிக்கு வாங்கிய காசில் டிக்கெட் எடுப்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது? இப்போது பல நிறுவனங்களில் பறந்த தூரத்தைப் பார்ப்பது போய், செலவழித்த பணத்தைப் பார்ப்பது வந்துவிட்டது. அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் 2024 முதல் செலவை மட்டுமே பார்த்துத் தகுதி தருகிறது. 2020இல் கொரோனாவில் முடங்கிய யுனைடெட் ஏர்லைன்ஸ், தன் பாயிண்ட் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. நம் விசுவாசம் அவர்களுக்கு அடகுப் பொருள். ஜெட் ஏர்வேஸ் பிளாட்டினம்காரருக்கு அதை வைத்து ஒரு தம்ளர் காபி கிடைத்திருக்குமா?

திருச்சியை மட்டமாகப் பேசுவதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மயிலாடுதுறையிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் இரண்டு மடங்கு. 2024இல் திருச்சிக்குப் புது முனையமும் வந்துவிட்டது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அங்கிருந்தே நேரே போகலாம். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயரெழுதி, இந்தக் காவிரி டெல்டா மாவட்டங்களின் வீடுகளையும் கல்யாணங்களையும் நடத்தியவர்கள் அந்த வாசல் வழியாகப் போனவர்கள்தான். அவர்களைப் பார்த்து "கண்ட பிளைட்" என்கிறார் லவுஞ்சில் இட்லி தின்றவர்.

காசுக்கு ஒரு வரிசை, காசில்லாதவனுக்கு ஒரு வரிசை என்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. கோயிலில்கூடச் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கினால் சாமிக்கு அருகில் போகலாம். ஆனால் மயிலாடுதுறை எப்படிப்பட்ட ஊர்? ஐப்பசி முழுக்கத் துலாக்கட்டத்தில் காவிரி நீராடல் நடக்கும் ஊர். ஐப்பசிக் கடைசி நாளான கடைமுகத்துக்கு வந்துசேர முடியாத முடவர் ஒருவருக்காக, கார்த்திகை முதல் நாள் முழுகினாலும் அதே பலன் உண்டு என்று முடவன் முழுக்கு கொண்டாடும் ஊர். கடைசியில் வந்தவனுக்கும் சமபங்கு கொடுத்த ஊரில், முன்னால் போய் நிற்க அட்டை தேடுகிறார்கள்.

உண்மையில் சலுகை பெற உரிமையுள்ளவர்களைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணக் குறைப்பு இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். எந்தப் பாயிண்டும் சேர்க்காமல், வயதானதற்காகவே கிடைத்த மரியாதை அது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயிலோ 1986இல் நின்றது. இதற்கெல்லாம் கொதிக்காத ரத்தம் கோல்டு கார்டுக்குக் கொதிக்கிறது.

ஜெட் ஏர்வேஸின் சொத்துகளை விற்று மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டுவிட்டது. அதற்குமுன் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2012இல் போனது. அதே 2024 நவம்பரில் விஸ்தாராவும் ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. பெயர்ப்பலகைகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது எந்தப் பலகைக்கு விசுவாசமாக இருப்பது?

தம்பி, உன் உறவினர் பேச்சைக் கேட்காதே. விலை எவ்வளவு, எத்தனை கிலோ கொண்டுபோகலாம், எத்தனை மணிக்குப் போய் இறங்கும் என்ற மூன்றை மட்டும் பார். திருச்சியிலேயே ஏறு. மிச்சப்படும் பணத்தில் முதலில் அம்மாவின் நகையை மீட்டுக் கொடு.