சென்சார் பெரிதா, பை சிறிதா?

“பெரிய சென்சார் இருந்தால்தான் படம் நன்றாக வருமா?” கேமரா வாங்க நினைப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்பதில்தான் பதில் இருக்கிறது. அதைச் சோதிக்க மூன்று கேமராக்களோடு ஒரு நாள் கோலா கங்சார் பக்கம் போனேன்.

முதலில் அளவு. ஃபுல்ஃபிரேம் சென்சார் 36×24 மில்லிமீட்டர்; பழைய ஃபிலிமின் அதே அளவு. ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6. ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. பரப்பளவில் ஃபுல்ஃபிரேம் இதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு.

அடுத்து எடை. சோனி ஏ7 மார்க் 4, 24-70 எஃப்2.8 லென்ஸின் புதிய பதிப்போடு சுமார் 1.35 கிலோ. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி5, 18-55 லென்ஸோடு சுமார் 870 கிராம். ஓஎம்-5, 12-45 எஃப்4 லென்ஸோடு சுமார் 670 கிராம். சோனிக்கும் ஓஎம்முக்கும் கேமராவில் 250 கிராம்கூட வித்தியாசமில்லை. லென்ஸில் 440 கிராம். பாரம் ஏறுவது லென்ஸில்தான்.

காலை வெயிலில் 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்தையும், காராயில் 1900இல் கட்டிய விக்டோரியா ரயில் பாலத்தையும் எடுத்தேன். மூன்று படங்களையும் ஏ3 தாளில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்தக் கேமரா என்று சொல்ல முடியவில்லை. ஏ3 அச்சுக்கு 18 மெகாபிக்சல் போதும். மூன்றிலும் அதைவிட அதிகம்.

இரவில் கதை வேறு. தோட்டத்துக் கோயில் திருவிழா, டியூப் லைட் வெளிச்சம், நகர்ந்துகொண்டே இருக்கும் மனிதர்கள். ஓஎம்-5 ஐஎஸ்ஓ 12800 கேட்டது. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல். ஒரு பாட்டியின் முகச் சுருக்கங்கள் மெழுகு பூசியதுபோல் மழுங்கிவிட்டன. சோனி 6400இல் அதே முகத்தைத் தெளிவாகக் கொடுத்தது. ஃபூஜி இரண்டுக்கும் நடுவில்.

பிறகு ஓஎம்-5இல் 25 மி.மீ. எஃப்1.8 லென்ஸை மாட்டினேன். எடை 137 கிராம்தான். ஐஎஸ்ஓ 2500க்கு இறங்கியது. சோனிக்கும் இதற்கும் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. ஜூம் கிடையாது, இரண்டு எட்டு முன்னே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பால்மரக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. லயங்களில் வளர்ந்தவர்கள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். பழைய தோட்டத்து முகங்கள் ஒன்றுகூடுவது இப்படிப்பட்ட திருவிழாக்களில்தான், அதுவும் இருட்டிய பிறகு. அந்த நேரத்தில் கேமரா கனக்கிறது என்று கார் பூட்டில் கிடந்தால், ஃபுல்ஃபிரேம் இருந்தும் பயனில்லை.

கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிப்பவர்கள் ஃபுல்ஃபிரேமே வாங்குங்கள். எடை தொழிலின் பங்கு. குடும்பத்துக்கு என்றால் ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் போதும். மிச்சமாகும் ரிங்கிட்டில் எஃப்1.8 லென்ஸ் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் விளக்குக்கு அடியில் சோதிக்காதீர்கள். இருண்ட மூலையில் ஒருவரை நடக்கவிட்டு எடுத்துப் பாருங்கள். லென்ஸோடு தோளில் மாட்டிப் பத்து நிமிடம் நின்றும் பாருங்கள்.