பந்தயக் கோடும் எங்கட ரோட்டும்



இப்போதைய பொடியன்மாருக்கு ‘ஏபெக்ஸ்’ என்ற சொல் நன்றாகத் தெரியும். எந்த வகுப்பிலும் படித்ததல்ல. யூடியூபும் மோட்டோ ஜீபியும் போனில் விளையாடும் ரேஸ் கேமும் கற்றுக்கொடுத்தது. வளைவின் உள் ஓரத்தைத் தொடும் புள்ளிதான் ஏபெக்ஸ். வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து, அந்தப் புள்ளியைத் தொட்டு, மறுபடியும் வெளி ஓரத்துக்குப் போனால் அதுதான் ‘ரேசிங் லைன்’. இதைத் தெரிந்த பிள்ளைகளிடம் போய் “தம்பி, மெதுவாப் போ” என்று மட்டும் சொன்னால், இந்த ஆளுக்கு ஒன்றும் விளங்காது என்றுதான் நினைப்பார்கள். ஆகவே அவர்கள் பேசும் பாஷையிலேயே கொஞ்சம் பேசுவோம் என்று நினைக்கிறோம்.

முதலில், அந்தக் கோடு பொய்யல்ல. ஏ.எல் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வட்ட இயக்கம் ஞாபகம் இருக்கும். வளைவில் தாங்கக்கூடிய வேகம் அந்த வளைவின் ஆரையின் வர்க்கமூலத்தோடு கூடும். கோட்டை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு வேகமாகத் திரும்பலாம். 2005இல் இந்தியாவின் முதல் ஃபோர்முலா வன் ஓட்டுநரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கும் இதே கணக்குத்தான்.

இனிப் பனிச்சறுக்குக்கு வருவோம். ஐஸ் பெட்டிக்குள் தவிர வேறெங்கும் பனியைக் காணாத கல்முனையில் இருந்துகொண்டு இதென்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரேயொரு வீரர், காஷ்மீர் குல்மார்க் பக்கத்து ஆரிஃப் முஹம்மத் கான். அவர் ஓடியது ஸ்லாலம் வகை. அதைவிட வேகமானது டவுன்ஹில். 2013இல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் பிரான்ஸ் வீரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். எஞ்சின் இல்லை, காலில் இரண்டு பலகை மட்டும்.

பனிச்சரிவில் ‘கேட்’ என்று அடையாளங்கள் நட்டிருப்பார்கள். அவற்றைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். கேட்டுக்குக் கேட் நேர்கோடு பிடித்தால் தூரம் குறைவு. ஆனால் கேட்டின் கீழே சடாரென்று திரும்ப வேண்டி வரும், பலகை பக்கவாட்டில் உரசும், வேகம் செத்துவிடும். கெட்டிக்காரர் கேட்டுக்கு மேலேயே திரும்பத் தொடங்கிவிடுவார், கேட்டுக்கு வரும்போது பலகை அடுத்த கேட்டைப் பார்த்து நிற்கும். குறுகிய வழியே விரைவான வழியல்ல என்பதை 1696இலேயே ஜொஹான் பர்னூலி என்ற கணிதவியலாளர் ஒரு சவாலாகவே விட்டார். உயரத்திலிருந்து ஒரு குண்டு உருண்டு மிகச் சீக்கிரம் கீழே வர எந்தப் பாதை நல்லது? விடை நேர்கோடு அல்ல, ஒரு வளைகோடு.

காருக்கும் பலகைக்கும் வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், பிரேக்கில். பெரிய எஞ்சின் உள்ள கார் வளைவுக்கு முன் நன்றாக பிரேக் பிடித்து, கொஞ்சம் பிந்தி ஏபெக்ஸைத் தொட்டு, சீக்கிரமே நேராகி, முழு பலத்தோடு வெளியே பாயும். இழந்த வேகத்தை எஞ்சின் திருப்பித் தந்துவிடும். பனிச்சறுக்குக்காரருக்கு அந்த வசதியில்லை. இழந்ததைச் சரிவுதான் தர வேண்டும், சரிவு குறைந்த இடத்தில் அதுவும் வராது. அதனால் அவர் உருண்டையான, நீளமான கோட்டைப் பிடித்து, வேகத்தைச் சாகவிடாமல் கொண்டுபோவார்.

இந்த இடத்தில்தான் எங்கட பிள்ளைகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்களிடம் இருப்பது 125, 150 சீசீ பைக். டீவியில் பார்ப்பது 1000 சீசீ. சின்ன எஞ்சினில் விட்ட வேகத்தைத் திரும்ப எடுக்க நேரமாகும். ஆகவே வளைவில் பிரேக்கைத் தொட மனமே வராது. அவர்கள் தெரியாமலே ஓடுவது பனிச்சறுக்குக்காரரின் கோடு. ‘பொடியன் ஏன் வளைவில கூட ஸ்பீடைக் குறைக்கிறானில்ல’ என்று வாப்பாமார் கேட்பதற்கு ஒரு பதில் இதிலே இருக்கிறது. திமிர் மட்டுமல்ல, கணக்கும்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பாதி மறைந்திருக்கிறது. டவுன்ஹில் வீரர் போட்டிக்கு முன் அந்தச் சரிவை மெதுவாக வழுக்கிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பார்வையிடுவார். பயிற்சி ஓட்டங்களும் ஓடுவார். பந்தயத்தில் ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள், முன்னே போனவர் விழுந்தால் மஞ்சள் கொடி. கார்ப் பந்தயத்தில் பலர் ஓடினாலும் எல்லாரும் ஒரே திசை. எங்கள் நாட்டிலேயே நுவரெலியாவில் 1930களில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. அதிலும் வீதியை மூடிவிட்டு, நேரம் குறித்து, ஒவ்வொன்றாகத்தான் அனுப்புகிறார்கள்.

எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதி இருக்கும் இடத்தில் மட்டும்தான் ரேசிங் லைன் என்ற ஒன்று இருக்கிறது.

எங்கட ரோட்டில் வைத்துப் பாருங்கள். 6 மீற்றர் அகல ரோடு, 90 பாகை வளைவு, நடு ஆரை 30 மீற்றர் என்று வைப்போம். காய்ந்த தாரில் உராய்வுக் குணகம் 0.8 என்றால், நடுவால் போகிறவர் தாங்கக்கூடிய வேகம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். முழு அகலத்தையும் பிடித்து வெளி-உள்-வெளி என்று போனால் ஆரை 47 மீற்றரைத் தாண்டும், வேகம் 70 ஆகும். மிச்சமாகும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கன். அந்த ஒரு செக்கனுக்காக எடுத்த அகலத்தில் பாதி யாருடையது? நாம் இடது பக்கம் ஓடுகிறவர்கள். வலது வளைவில் அந்த ஏபெக்ஸ் எதிரே வருபவரின் ஓரத்தில் இருக்கிறது. இடது வளைவிலோ, உள்ளே நுழையவும் வெளியேறவும் எதிர்ப்பக்கம் தேவை. வெள்ளைக் கோட்டுக்குள்ளேயே சில்லு நின்றாலும், சாய்ந்த பைக்கில் தலை கோட்டுக்கு அப்பால்தான் இருக்கும். மதிலுக்கும் வேலிக்கும் பின்னாலிருந்து வருவது பஸ்ஸா, நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமா என்று எந்த யூடியூப் வீடியோவும் முன்கூட்டிச் சொல்லாது.

பந்தயத் திடலில் ஓடி ஓடி ரப்பர் படிந்து, அந்தக் கோட்டில் பிடிமானம் கூடும். எங்களுக்குத் தலைகீழ். காரைதீவால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று அம்பாறைக்குப் போகும் ரோட்டை அறுவடைக் காலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓரத்தில் நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும். கரையோர ரோட்டில் மணல். பிடிமானம் பாதியாகக் குறைந்தால் அதே விரிந்த கோட்டிலும் 50ஐத் தாண்ட முடியாது. 70இல் வந்தவருக்கு அது தெரியவரும்போது வளைவின் நடுவில் இருப்பார்.

மூடிய திடல் ஒன்று கிழக்கிலும் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் திடல் கட்டினால் எல்லாம் சரி என்பதை நாம் ஏற்கவில்லை. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஆட்களுக்குள் புகுந்து, 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். ஏற்பாடுகளோடு நடந்த பந்தயத்திலேயே அப்படி. பெருநாள் பின்னேரம் ரோட்டோரம் வரிசையாக நின்று போனில் வீடியோ எடுத்து, பொடியன்களை உசுப்பேற்றும் பெரியவர்கள் அந்தச் செய்தியை ஒருமுறை தேடி வாசிக்கட்டும். லைக் போடுகிறவர்களும்தான்.

பொத்துவில் அறுகம்பேயில் அலைச்சறுக்கு ஓடும் எங்கட பிள்ளைகளிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. ஒரு அலைக்கு ஒருவர். அலை உடையும் முனைக்குக் கிட்ட நிற்பவருக்குத்தான் முதல் உரிமை. குறுக்கே பாய்கிறவனை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். பொலிஸ் இல்லை, தண்டப்பணம் இல்லை, அவர்களே காக்கிறார்கள். ஹெல்மட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஓடுகிறவனை அவனுடைய கூட்டாளிமாரே ஏசுகிற நாள் இங்கும் வந்தால் பாதி வேலை முடியும்.

பெற்றோருக்கு ஒன்று. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வயது 18. ஓ.எல் ரிசல்ட் நல்லா வந்த சந்தோஷத்தில் 16 வயதில் பைக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சைக்கிள் கொடுங்கள், லெப்டொப் கொடுங்கள்.

இந்த வருடம் பெரும்போக அறுவடையும் நோன்புப் பெருநாளும் கிட்டக் கிட்ட வருகின்றன. நெல் காயப்போடுகிற காக்காமார் வளைவை மட்டுமாவது விட்டு நேர் ரோட்டில் போட்டால் பெரிய உபகாரம். விளையாட்டுக் கழகங்களிடம் நாம் கேட்பது, பெருநாள் பின்னேரம் அஸர் முதல் இஷா வரை, பார்வை மறையும் ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் கொடியோடும் டோர்ச்சோடும் இரண்டு பேர். கொடித் துணியை நாங்கள் தைத்துத் தருகிறோம். எந்த வளைவுகள் என்று உங்கள் ஊர்ப் பட்டியலை வரும் ஜும்ஆவுக்கு முன் அனுப்புங்கள்.